கீறிய கையும் பார்த்த கண்ணும்: கேலிச்சித்திரம் புண்படுத்துவது எப்போது?

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்ற நாள்களில், தமிழ்ப் பத்திரிகையொன்றில் ஒரு கேலிச்சித்திரம் வெளிவந்திருந்தது. அரிசி, பால்மா, மண்ணெண்ணெய், கோதுமை மா என்று பெயர் எழுதப்பட்ட எறிகணைகள் வானத்திலிருந்து விழுகின்றன. கீழே பதுங்குகுழி ஒன்றுக்குள் தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குந்தியிருக்கிறார்கள். தகப்பனின் தோளில் வெறும் பை தொங்குகிறது. விலையேற்றத்தின் கொடுமையைச் சொல்லும் நோக்கம் பார்த்தவுடனே விளங்கியது. விசுவமடுப் பக்கத்துச் சனசமூக நிலையத்தின் வாசிப்பு மேசையில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். 2009இல் போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் வழியாக உயிர் தப்பி வந்த அம்மா ஒருவர் மட்டும் நெடுநேரம் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கீறினவருக்கு பங்கர் தெரியாது, தம்பி. வாசலை இப்பிடி நேராய் வைச்சால் செல் பீஸ் உள்ளுக்கையல்லோ வரும்” என்றார்.

அவர் சொன்னது சரி. வன்னியில் பதுங்குகுழியை ‘எல்’ வடிவில் வளைத்துத்தான் வெட்டினோம். மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அதற்கு மேல் மண்மூட்டை போட்டோம். கடைசி மாதங்களில், கடற்கரை மணல் தோண்டத் தோண்டச் சரிந்தபோது, சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்கினோம். படத்தில் இருந்தது செவ்வகமான ஒரு குழி மாத்திரமே. அந்த அம்மா பத்திரிகையை மடித்து, அந்தப் பக்கம் கீழே போகும்படி வைத்துவிட்டு எழுந்து போனார்.

அரசியல் கேலிச்சித்திரங்கள் புண்படுத்துகின்றனவா என்ற கேள்வி எழும்போதெல்லாம், “அது பார்ப்பவரைப் பொறுத்தது” என்ற விடை மிக விரைவாக வந்து விழுகிறது. கீறியவர் தன் பொறுப்பைத் தட்டிக் கழிக்க அதைச் சொல்கிறார். நொந்தவரை வாயடைக்க விரும்புபவரும் அதையே சொல்கிறார். அந்த விடையில் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தப் பார்வையாளர், எங்கே நின்று, எதைச் சுமந்துகொண்டு பார்க்கிறார் என்பதைச் சொல்லாதவரை அது அரைகுறையான உண்மைதான்.

எங்கள் பேச்சுத் தமிழில் படத்தை வரைவது என்று பெரும்பாலும் சொல்வதில்லை, கீறுவது என்கிறோம். தோலைக் கீறுவதற்கும் அதே சொல்தான். சிரிக்க வைப்பதிலும் எங்கள் ஊர்கள் நுட்பமான வேறுபாடுகளைப் பேணி வந்திருக்கின்றன. பகிடி என்பது ஒரே திண்ணையில் இருப்பவர்களுக்கிடையில் நடப்பது. பகிடிக்கு ஆளானவர் திருப்பியும் பகிடி விடலாம். நக்கல் மேலிருந்து கீழ்நோக்கி வருவது. அதற்கு ஆளானவர் பெரும்பாலும் பேசாமல் இருந்துவிட வேண்டியிருக்கும். கேவலப்படுத்துவது இவை இரண்டையும் கடந்தது. சவாரித்தம்பரையும் மைனர் மச்சானையும் கீறிய ‘சிரித்திரன்’ சுந்தர், “செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்” என்ற வாசகத்தோடு தன் சொந்த மக்களின் பெருமையையும் போலித்தனத்தையும் பல ஆண்டுகள் கேலி செய்தார். அவருடைய படங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் தங்களையே அவற்றில் கண்டார்கள். அது பகிடி. ஒரே கோடும் அதே அளவு மிகைப்படுத்தலும் வேறொரு கையிலிருந்து வந்திருந்தால், அதே மக்கள் அதை நக்கல் என்றே கொண்டிருப்பார்கள்.

கேலிச்சித்திரம் தன் அமைப்பிலேயே பார்ப்பவரை நம்பி நிற்பது. கட்டுரை தன் வாதத்தைப் படிப்படியாகச் சொல்லி முடிக்கலாம். சித்திரத்துக்கு ஒரு சட்டமும் சில கோடுகளுமே உள்ளன. மீதியைப் பார்ப்பவர் தன் நினைவிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். மூக்கை நீட்டினால் யார், நரி என்றால் என்ன, கிழிந்த சட்டை எதற்கு அடையாளம் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் படம் பேசும். இதை ஒரு தற்காப்பு வாதமாகவே நீதிமன்றத்தில் வைத்தவர் பிரான்சின் சார்ல் பிலிப்போன். மன்னர் லூயி பிலிப்பை அவமதித்தார் என்று 1831 நவம்பரில் அவர்மீது வழக்கு நடந்தபோது, நான்கு சிறு படங்களைக் கீறிக் காட்டினார். முதலாவது மன்னரின் முகம். அடுத்தடுத்த படங்களில் அது சிறிது சிறிதாக மாறி நான்காவதில் வெறும் பேரிக்காய் ஆகிவிடுகிறது. முதற்படத்தைக் குற்றம் என்றால் அதை ஒத்திருக்கும் இரண்டாவதும் குற்றம். அப்படியே போனால் பேரிக்காய் கீறுவதும் குற்றமாகும் என்பது அவரது வாதம். ஒப்புமை பார்ப்பவரின் கண்ணில் இருக்கிறது என்று இதைவிட அழகாக நிறுவிவிட முடியாது. ஆனாலும் அவருக்கு ஆறு மாதச் சிறை விதித்தார்கள். அந்த வழக்குக்குப் பிறகு பேரிக்காயைப் பார்த்த பாரிஸ் மக்களுக்கெல்லாம் மன்னரே தெரிந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பவரின் கண் தானாக உருவாவதில்லை. படங்களும் வழக்குகளும் ஊர்ப்பேச்சும் அதைப் பழக்கி எடுக்கின்றன.

நோக்கமே இல்லாமல் புண்படுத்திய படங்களும் உண்டு. 1925 ஓகஸ்டில், துடுப்பாட்ட வீரர் ஜக் ஹொப்ஸ் சத எண்ணிக்கையில் டபிள்யூ. ஜி. கிரேஸைச் சமப்படுத்தியதைக் கொண்டாட, டேவிட் லோ என்ற புகழ்பெற்ற சித்திரக்காரர் இலண்டன் பத்திரிகையொன்றுக்கு ஒரு படம் கீறினார். வரலாற்றின் பெரிய மனிதர்களின் சிலைகளுக்கு நடுவே ஹொப்ஸ் எல்லோரையும் விட உயரமாக நிற்கிறார். அந்தச் சிலைகளில் ஒன்று முகம்மது நபியுடையது. இங்கிலாந்து வாசகருக்கு அது கிரிக்கெட் பகிடி. கல்கத்தாவில் அது கொந்தளிப்பாக மாறியது. லோ யாரையும் இழிவுபடுத்த எண்ணியவரல்லர். ஆனால் தன் படம் கப்பலேறிப் போய் எந்தக் கண்களின் முன் விரிக்கப்படும் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2005 செப்டெம்பர் 30ஆம் திகதி டென்மார்க்கின் ‘யூலண்ட்ஸ்-போஸ்டன்’ வெளியிட்ட, முகம்மது நபி பற்றிய 12 படங்களின் கதை வேறு. அங்கே கீறச் சொன்னவர்களுக்குத் தாங்கள் எதைத் தொடுகிறோம் என்பது தெரிந்தே இருந்தது. எனினும் அந்த நிகழ்விலும் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 12 படங்களும் ஒரே தன்மையானவை அல்ல. அவற்றுள் ஒன்று, அந்தப் பத்திரிகையின் ஊடகவியலாளர்களையே கரும்பலகையில் கண்டித்து எழுதும் ஒரு பள்ளிச் சிறுவனைக் காட்டியது. பின்னர் மத்திய கிழக்குக்குக் கொண்டு செல்லப்பட்ட கோப்பில், பத்திரிகை ஒருபோதும் வெளியிடாத வேறு படங்களும் சேர்ந்திருந்தன. 2006 பெப்ரவரியில் டமஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் டென்மார்க்கின் தூதரகங்கள் எரிந்தபோது வீதியில் நின்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். புண்பட்டவர் எப்போதும் பார்வையாளர்தான் என்ற எண்ணமே அங்கே ஆட்டம் காண்கிறது. படம் போய்ச் சேராத இடத்துக்கும் படத்தைப் பற்றிய சொல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

உயர்தர மாணவர்களுக்கு ஊடகக் கற்கை படிப்பிக்கும்போது, நான் தவறாமல் காட்டுவது இந்தியக் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949இல் கீறிய ஒரு சித்திரம். இந்திய அரசியலமைப்பு எழுதி முடியத் தாமதமாவதைச் சுட்டிக்காட்டும் படம் அது. அரசியலமைப்பு என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் சாட்டையோடு அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கியபடி நிற்கிறார். சுற்றிலும் மக்கள் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. பல பத்தாண்டுகள் அது ஒரு பழைய பகிடியாகவே கிடந்தது. 11ஆம் வகுப்பு அரசறிவியல் பாடநூலில் அது இடம்பெற்றிருந்ததைத் தொடர்ந்து, 2012 மே மாதம் இந்திய நாடாளுமன்றம் கொதித்தது. தொல். திருமாவளவன் அதை அவையில் எழுப்பினார். அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்தார். பாடநூல் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் பதவி விலகினர். பூனாவில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. அடுத்த மாதமே, அதே பாடநூல் வரிசையில் இருந்த 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர். கே. லக்ஷ்மனின் படம் தமிழகத் தலைவர்களின் கண்டனத்துக்கு உள்ளானது.

படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. அப்படியானால் மாறியது என்ன? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வகுப்பில் காத்திருப்பேன். ஒருமுறை பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி எழுந்து, “சேர், பின்னுக்கு நிக்கிறவர் நத்தைக்கு அடிக்கப்போறாரோ, மேல இருக்கிறவருக்கு அடிக்கப்போறாரோ?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை படத்தில் இல்லை. சாட்டையின் திசையைப் பார்ப்பவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. சாட்டையடி என்பதை உவமையாக மாத்திரமே அறிந்தவருக்கு அது நத்தையின் மேல் விழும். தன் பாட்டனின் முதுகில் அது விழுந்த கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு, ஒரு பிராமணப் பிரதமர் தலித் தலைவரின் பின்னால் நின்று ஓங்குகிற சாட்டை வேறெங்கும் விழ முடியாது. 1949இல் அந்தப் பத்திரிகையை விரித்துப் பார்க்கும் நிலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் முதல் வகையினர். 2012இல் இரண்டாம் வகையினரின் பிள்ளைகள் பாடநூலைப் படிக்கும் இடத்துக்கு வந்திருந்தார்கள். புதிதாக ஒரு நோவு முளைத்தது என்று இதைச் சொல்ல முடியாது. முன்பே இருந்த நோவு இப்போதுதான் வாசகராகப் பக்கத்தின் முன் வந்து அமர்ந்தது. படத்தைப் பாடநூலிலிருந்து நீக்கியதை நான் சரியென்று கருதவில்லை. அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியைப் படத்துக்குக் கீழே பயிற்சி வினாவாக அச்சிட்டிருந்தால் அது எவ்வளவோ மேலான பதிலாக இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் பார்ப்பவரின் தலையில் போட்டுவிடவும் முடியாது. ஜெர்மனியின் நாசிச் சார்பு இதழான ‘டெர் ஸ்டூர்மர்’ வாரந்தோறும் யூதரை வளைந்த மூக்கும் தடித்த உதடும் கொண்ட உருவமாக, பூச்சியாக, சிலந்தியாகக் கீறிக் காட்டியது. அங்கே இழிவு படத்தின் இலக்கணத்திலேயே இருந்தது. பார்த்தவர் சிரித்தாலும் அழுதாலும் அது அங்கேயே இருந்திருக்கும். அதன் வெளியீட்டாளர் யூலியஸ் ஸ்ட்ரைக்கர் நூரம்பேர்க்கில் மரண தண்டனை பெற்று 1946இல் தூக்கிலிடப்பட்டார். ஒரு மனிதரின் செயலைக் கேலி செய்யும் படத்துக்கும், ஒரு கூட்டத்தின் பிறப்பைக் கேலி செய்யும் படத்துக்கும் நடுவே கோடு கிழிக்கலாம் என்றே நினைக்கிறேன். ஓர் எளிய சோதனை உண்டு. படத்தில் இருப்பவர் தன் செயலை மாற்றிக்கொண்டால் அந்தப் படம் பொய்யாகிவிடுமா என்று கேட்டுப் பாருங்கள். இலஞ்சம் வாங்கும் அமைச்சரைக் காட்டும் படம், அவர் வாங்குவதை நிறுத்தினால் செத்துவிடும். மூக்கை மாற்றிக்கொள்ள எவராலும் முடியாது.

வன்னியைப் பொறுத்தவரை, கேலிச்சித்திரத்தின் வாசகராக இருந்ததைவிட அதன் பொருளாக இருந்த காலமே எங்களுக்கு அதிகம். தென்னிலங்கைப் பத்திரிகைகளில் தமிழ் அரசியல்வாதியின் வேட்டிக்குக் கீழே புலிவால் எட்டிப் பார்ப்பது சலித்துப்போன ஓர் உத்தி. 2009 மே மாதத்துக்குப் பிறகு, வீழ்ந்து கிடக்கும் புலியின்மேல் கால் வைத்து நிற்கும் வீரனின் உருவமும் அங்கே பழகிப்போன ஒன்றாயிற்று. அதைக் கீறியவரின் மனதில் ஓர் ஆயுத அமைப்பே இருந்திருக்கலாம். ஆனால் முள்ளிவாய்க்காலில் பிள்ளையை இழந்த தாய் அந்த விலங்கில் அமைப்பைக் காண்பதில்லை. தன் பிள்ளையின் உடலைக் காண்கிறாள். அந்தப் பிள்ளை தானாகப் போனதா, கட்டாயத்தில் போனதா, போகவேயில்லையா என்பதைப் படம் கேட்பதில்லை. நாங்களும் சிங்கத்தை வாளோடும் வடியும் இரத்தத்தோடும் கீறியிருக்கிறோம். சிங்களவரின் பிறப்புக் கதையிலேயே சிங்கம் இருக்கிறது என்பதையும், ஓர் அரசைச் சாடுவதற்கு எடுத்த விலங்கு அந்த நாட்டின் மூலையில் நெல் விதைக்கும் விவசாயியையும் தொடுகிறது என்பதையும் அப்போது எங்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

இன்னும் சிலவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வன்னிக்குள் வெளிவந்த இதழ்களில் கொழும்பையும் டில்லியையும் மாற்று அணியினரையும் கேலி செய்யும் சித்திரங்களைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவன் நான். எங்களை ஆண்டவர்களைக் கேலி செய்யும் படம் ஒன்றை அந்தக் காலத்தில் வன்னியில் நான் கண்டதேயில்லை. யாரும் புண்படாத அமைதி அல்ல அது. கீறும் கைகள் அஞ்சிய அமைதி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் போர் முடிந்த பிறகு முல்லைத்தீவுக்கும் தண்ணீரூற்றுக்கும் திரும்பி வந்தன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர், தாடியையும் தொப்பியையும் கீறினாலே பயங்கரவாதி என்று விளங்கும் படங்கள் தமிழிலும் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவின. புலிவாலைக் கண்டு நொந்தவர்களே அவற்றைப் பகிர்ந்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

புண்பட்டேன் என்று சொல்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில், மேடையில் இருக்கும் இருவரில் ஜேப்படித் திருடன் போலிருப்பவர் சட்டமன்ற உறுப்பினர், முகமூடிக் கொள்ளைக்காரன் போலிருப்பவர் அமைச்சர் என்ற பொருளில் ஒரு பகிடிச் சித்திரம் வந்தது. தமிழகச் சட்டமன்றம் புண்பட்டது. ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. பெரும் எதிர்ப்பு எழுந்ததால் சில நாள்களில் அவரை விடுவித்தார்கள்; பின்னர் நீதிமன்றம் சென்று அவர் இழப்பீடாக 1,000 ரூபா பெற்றார். கந்துவட்டிக் கொடுமையால் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீயில் கருகியதை அடுத்து, முதலமைச்சரும் ஆட்சியரும் பொலிஸ் ஆணையாளரும் பணக்கட்டுகளால் தங்கள் நிர்வாணத்தை மறைத்து நிற்பதாகக் கீறிய பாலா, 2017 நவம்பரில் கைது செய்யப்பட்டார். 2025 பெப்ரவரியில், விலங்கு பூட்டிய நிலையில் மோடி டிரம்பின் அருகில் இருப்பதாகக் காட்டிய ஒரு சித்திரத்துக்காக விகடன் இணையத்தளமே முடக்கப்பட்டது. இந்த மூன்றிலும் புண்பட்டவர் அதிகாரம் உடையவர். அவரது மனநோவு உடனே ஆணையாக மாறியது. விசுவமடு அம்மாவின் மனநோவு ஒரு பத்திரிகையை மடித்து வைத்ததோடு முடிந்தது. இந்த இரண்டையும் ‘பார்ப்பவரின் உணர்வு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பது பெரிய அநீதி.

எங்கள் நாட்டில் அதன் விளைவு இன்னும் இருண்டது. ஊடகவியலாளரும் கேலிச்சித்திரக்காரருமான பிரகீத் எக்னெலிகொட, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள்கள் முன்பாக, 2010 ஜனவரி 24ஆம் திகதி காணாமலாக்கப்பட்டார். அவருடைய மனைவி சந்தியா கையில் ஏந்தி நிற்கும் புகைப்படமும், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 முதல் எங்கள் தாய்மார் ஏந்திய, காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் புகைப்படங்களும் ஒரே மொழியில்தான் பேசுகின்றன. தென்னிலங்கையில் கேலிச்சித்திரம் கீறியவரை எங்களுக்கு எதிரானவர் என்று மொத்தமாக எண்ணியிருந்த பலருக்குச் சந்தியாவின் கையிலிருந்த அந்தப் புகைப்படம் ஒரு திருத்தமாக அமைந்தது.

2019 மே மாதம் ஹசலகவில் நடந்தது சித்திரக்காரர் எவரும் சம்பந்தப்படாத ஒன்று. முஸ்லிம் பெண்ணொருவர் அணிந்திருந்த ஆடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. பார்த்தவர்களுக்கு அது பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரமாகத் தெரிந்தது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், அதாவது குடியியல் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தவென்று வந்த சட்டம், அவருக்கு எதிராக எடுக்கப்பட்டது. அவர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். இன, மத வெறுப்புப் பரப்புரையிலிருந்து சிறுபான்மையினரைக் காக்க வேண்டிய ஒரு சட்டம், பெரும்பான்மையினரின் கண் தவறாகக் கண்டதற்காக ஒரு சிறுபான்மைப் பெண்ணின்மேல் பாய்ந்தது. “பார்ப்பவரைப் பொறுத்தது” என்பதைச் சட்டத்தின் அளவுகோலாக்கினால் என்ன நடக்கும் என்பதை எங்கள் நாடு இப்படித்தான் பார்த்தது.

ஆகவே, நோவைச் சட்டத்தின் கையில் கொடுக்காமலும், அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடாமலும் இருக்க வேறொரு வழி வேண்டும். பத்திரிகைகளின் உள்ளடக்கம் பற்றி முறையிட 2003இல் நிறுவப்பட்ட இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. அது எவரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. அதைவிட எளியது, நொந்தவரின் கடிதத்தை அந்தச் சித்திரம் வந்த அதே இடத்தில், அதே அளவில் பத்திரிகையே அச்சிடுவது. பதுங்குகுழியை எவரும் கீறக்கூடாது என்று அந்த அம்மா சொல்லவில்லை. அவர் கேட்டது, கீறுபவர் அதற்குள் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கீற வேண்டும் என்பதே.

அடுத்த முறை அவரைக் கண்டபோது, பத்திரிகைக்கு இதை எழுதுங்கள் அம்மா, நான் தட்டச்சு செய்து தருகிறேன் என்றேன். “நான் எழுதினா ஆர் தம்பி போடப்போகினம்?” என்று கேட்டுவிட்டு, மேசையில் கிடந்த பேனையை எடுத்து, அன்றைய பத்திரிகையின் ஓரத்தில் ‘எல்’ வடிவத்தை ஒரே இழுப்பில் கீறி, வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு புள்ளியும் வைத்துக் காட்டினார். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்து வந்து வைத்திருக்கிறேன். பத்திரிகைக்கு இன்னும் அனுப்பவில்லை.